முதல் பத்து கிலோமீட்டர்: அந்தப் பெருமிதம் நியாயமா, அடுத்த தூரம் எப்போது?

கோவையிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டவற்றை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41, எடை 62 கிலோ. மார்ச் மாதத்தில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்கத் தொடங்கி, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி, ஏழு மாதம் கழித்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக 10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்திருக்கிறீர்கள். ஆன நேரம் 1 மணி 24 நிமிடம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டதும் உங்கள் சித்தப்பா மகன், "இது ஓட்டமா, காலை நடையா?" என்று கேட்டிருக்கிறார். அன்று முழுவதும் இருந்த பூரிப்பு செவ்வாய்க்கிழமை காணாமல் போய், காரணம் புரியாத ஒரு வெறுமை வந்திருக்கிறது. போதாக்குறைக்கு உங்கள் கைப்பேசி 10.03 கிலோமீட்டர் என்றும், உடன் ஓடிய தோழியின் கைக்கடிகாரம் 9.87 என்றும் காட்டியிருக்கின்றன. டிசம்பரில் வரும் அரை மாரத்தானுக்கு (21.1 கிலோமீட்டர்) இன்னும் பத்து வாரம் இருக்கிறது, பெயர் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வியாக நீங்கள் எழுதியது. ஆனால் எழுதியதில் முக்கால் பங்கு வேறொன்றைச் சுற்றியே வருகிறது: இவ்வளவு மெதுவாக ஓடியதற்கு இவ்வளவு பெருமைப்படுவது அசட்டுத்தனமா? இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பது என் எண்ணம். அதனால் எழுதாமல் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் சென்னையில் பதினாறு ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். அதில் பன்னிரண்டு ஆண்டுகளாக, வார இறுதிகளில், முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக ஓட வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். ஆகவே தசை, எலும்பு, மூட்டு பற்றிச் சொல்வதைப் படிப்பின் பலத்தில் சொல்கிறேன். மனம் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி பார்த்துப் பழகியதிலிருந்து வருவது, அதற்குரிய எடையை மட்டும் கொடுங்கள். உங்களை நேரில் பார்த்ததில்லை, உங்கள் ரத்தப் பரிசோதனையும் பழைய காயங்களும் எனக்குத் தெரியா. இந்தப் பதில் மருத்துவரின் அறைக்கு மாற்றாகாது.

சித்தப்பா மகனின் கேள்வி கேலியாகக் கேட்கப்பட்டது. ஆனால் உடலியலில் அதற்குத் தெளிவான பதில் உண்டு. நடக்கும்போது நம் உடல் தலைகீழாக நிறுத்திய ஊசல்போல வேலை செய்கிறது: ஒரு காலை ஊன்றி அதன் மேல் உடல் ஏறி இறங்குகிறது, கால் நேராக நிற்கும் நடுக்கணத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஓடும்போது அதே கால் சுருள்வில்லாக மாறிவிடுகிறது. ஊன்றிய கணத்தில் முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இழுபட்டு, அந்த இழுவிசை திரும்பி நம்மை மேலே தள்ளுகிறது. பெரும்பாலானவர்களின் உடல் தானாகவே நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் வேகம் நொடிக்கு 2 மீட்டரை ஒட்டியது, அதாவது மணிக்கு ஏழேகால் கிலோமீட்டர் அளவு. உங்கள் சராசரி மணிக்கு 7.1. சரியாக வாசற்படியில் நிற்கிறீர்கள். இந்த வேகத்தில் சிலருக்கு இரண்டு கால்களும் தரையை விட்டு எழும் கணம் மிகக் குறைவாக இருக்கும், சிலருக்கு இல்லாமலே போகும். கால்கள் இரண்டும் காற்றில் இருந்தால்தான் ஓட்டம் என்ற இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் இங்கே வாதாட இடம் இருக்கிறது. சுருள்வில்லா ஊசலா என்று பார்த்தால் அந்த இடமும் இல்லை. அடுத்த முறை யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஊன்றும் கணத்தில் முழங்கால் மடங்கி இடுப்பு இறங்கினால் அது ஓட்டம்தான். குழுவில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அந்தக் கேலியில் இன்னொரு அனுமானமும் ஒளிந்திருக்கிறது: மெதுவாக ஓடியவர் குறைவாக உழைத்தார் என்பது. தூர ஓட்டத்தில் இது பெரும்பாலும் தவறு. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு கிலோ கலோரி செலவாகும் என்பது பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. வேகம் அதை மிகச் சிறிதளவே மாற்றும். உங்களுக்கு அன்று ஏறத்தாழ 620 கிலோ கலோரி செலவாகியிருக்கும். உங்கள் எடையுள்ள ஒருவர் அதே தூரத்தை 50 நிமிடத்தில் ஓடியிருந்தாலும் அவருக்கும் கிட்டத்தட்ட அதே செலவுதான். நிமிடத்துக்கு 160 காலடி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் 13,000க்கும் மேற்பட்ட முறை காலை ஊன்றியிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலச் சுமார் இரு மடங்கு விசையைத் தாங்கியிருக்கிறீர்கள். வேகமாக ஓடுபவர் குறைவான நேரத்தில் முடித்து வீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் ஏறும் வெயிலில் அரை மணி நேரம் கூடுதலாகச் சாலையில் இருந்தீர்கள். இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, பின்னால் டிசம்பர் பற்றிப் பேசும்போது இந்த அரை மணி நேரம் மீண்டும் வரும்.

இனிப் பெருமைக்கு வருகிறேன். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் விளையாட்டை உவகைக்குக் காரணமாகச் சொல்கிறது. பெருமிதத்துக்குக் காரணமாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கைச் சொல்கிறது. பள்ளியில் தமிழாசிரியர் நடத்தியபோது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பகுதி, இந்த வேலைக்கு வந்த பிறகுதான் பொருள்பட்டது. ஓட்டம் விளையாட்டு என்றாலும், புதிய தூரத்தைத் தொட்டவரின் முகத்தில் நான் பார்ப்பது உவகை மட்டுமில்லை. ஏழு மாதம் ஒரு உடல் கற்றதன் விளைவு அது, ஆகவே கல்வியின் கீழ் வைப்பதே பொருத்தம். உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தபோது, அது எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடல் நமக்குத் தரும் சமிக்ஞைகள். நான்கிலும் வலுவானது முதலாவது என்பதே அவர் கருத்து, பின்வந்த ஆய்வுகள் பலவும் அதையே ஆதரிக்கின்றன. நேரத்தை வைத்துப் பெருமைப்படுபவருக்கு எப்போதும் இன்னொருவரின் நேரம் பக்கத்தில் நிற்கும். தூரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. நேற்றுவரை உங்கள் உடல் போகாத இடம் ஒன்று இருந்தது, இன்று அது போன இடம். இதில் ஒப்பிடப்படுபவர் மார்ச் மாதத்து நீங்கள் மட்டும்தான்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த, வங்கி வேலையில் இருந்த ஒரு பெண்மணி, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் 10 கிலோமீட்டரை முடித்தார். அப்போது அவருக்கு வயது 47. கடிகாரம் 9.90ஐக் காட்டிய இடத்தில் குழுவினர் எல்லாரும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். அவர் எங்களைத் தாண்டி, ஒரு இளநீர் வண்டியைச் சுற்றி, மறுபடி எங்களைத் தாண்டி, நடைபாதையில் இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டே கையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார். 10.00 வந்ததும் நின்றார். பேசவில்லை. குனிந்து, நடைபாதை ஓரக் கல்லை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இளநீர்க்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு காயைச் சீவி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பணம் வேண்டாம் என்றார். அவர் அன்று எடுத்துக்கொண்ட நேரம் உங்களுடையதைவிட ஆறு நிமிடம் அதிகம். அதை யாரும் கேட்கவில்லை, எனக்கே பிறகு நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பெண்ணாகப் பிறந்து இந்தத் தூரத்தை ஓடியவர் என்ற முறையில் உங்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முடிவில் வீராங்கனைகள் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்க, அந்தப் போட்டியே நீக்கப்பட்டு 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்பி வந்தது. பெண்கள் மாரத்தான் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நுழைந்தது. 10,000 மீட்டர், அதாவது நீங்கள் போன ஞாயிறு ஓடிய அதே தூரம், ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1988 சியோலில். அப்போது நீங்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கும் குழந்தை. இந்தத் தூரம் பெண்ணுடலுக்கு ஆகாது என்று பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்த வெறுமை பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஓடியபின் வரும் பூரிப்புக்கு எண்டார்பின் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் ஏறும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் புக முடியாத மூலக்கூறு. ஹாம்பர்க் நகரில் நடந்து 2021இல் வெளியான ஒரு சோதனையில், 63 பேரை வைத்து, எண்டார்பின் வேலை செய்யும் வழியை நால்ட்ரெக்சோன் மருந்தால் அடைத்துவிட்டு ஓட வைத்தார்கள். அப்போதும் அவர்களுக்கு அந்தப் பூரிப்பு வந்தது. உடலே சுரக்கும், கஞ்சாவின் வேதிப்பொருளைப் போன்ற எண்டோகன்னாபினாய்டுகளின் பக்கம் இப்போது சாட்சியம் சாய்ந்திருக்கிறது. ஆனால் 2008இல் பத்து ஓட்டக்காரர்களின் மூளையைப் படமெடுத்த ஜெர்மன் ஆய்வு எண்டார்பின் பக்கமே நின்றதால், வழக்கு முடியவில்லை. எதுவானாலும் அந்த ரசாயனப் பூரிப்பு சில மணி நேரத்து விருந்தாளி, செவ்வாய் வரை தங்காது. தசை வலியோ, பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும், இது உறுதி. ஆக, பூரிப்பு வடிந்த நேரமும் வலி ஏறிய நேரமும் உங்களுக்கு ஒரே நாளில் அமைந்திருக்கின்றன. இதற்கு மேல் சொல்வது என் அனுபவம்: ஏழு மாதமாக ஒவ்வொரு காலையும் எழுப்பிவிட்ட ஒரு எண் திடீரென்று இல்லாமல் போகும்போது, பத்துப் பேரில் நாலைந்து பேராவது அந்த வாரம் வந்து "என்னவோ போல இருக்கிறது சார்" என்பார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் அதற்கு ஓட்டம் காரணமில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் அந்த வெறுமையை நிரப்ப மக்கள் செய்யும் ஒரு காரியம்தான் எனக்குக் கவலை. உடனே அடுத்த எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் டிசம்பர் யோசனை ஞாயிறு வந்ததா, செவ்வாய் வந்ததா? எழுதியிருப்பதைப் பார்த்தால் செவ்வாய் இரவு என்றே தோன்றுகிறது.

உடல் ஒரே வேகத்தில் கற்பதில்லை. ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும், மூச்சு வாங்குவது குறையும். தசைநாண்கள் பலப்பட மாதங்கள் ஆகும். எலும்போ இன்னும் நிதானமானது: புதிய சுமை வந்தால் முதலில் பழைய எலும்பைச் சில வாரங்கள் அரித்து எடுத்து, பிறகுதான் மூன்று மாத அளவில் புதியதை நிரப்பும். பழைய வீட்டில் சுவரை இடித்துவிட்டுக் கட்டுவது மாதிரி, இடித்ததற்கும் கட்டி முடிப்பதற்கும் இடையில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த இடைவெளியில் மூச்சு உங்களிடம் "இன்னும் போகலாம்" என்று சொல்லும். பெருமிதமும் அதையே சொல்லும். எலும்புக்கு வாய் கிடையாது.

மென்பொருள் வேலையில் இருந்த முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர், முதல் 10 கிலோமீட்டரை ஓடிய இரண்டாவது வாரமே நண்பர்களோடு சேர்ந்து 21 கிலோமீட்டர் ஓடிவிட்டார். முடிக்கவும் செய்தார், மூச்சுத் திணறல் இல்லை, மயக்கம் இல்லை. பதக்கத்தைக் கழுத்தில் போட்ட புகைப்படம்தான் என்னிடம் வரும்போதும் அவர் கைப்பேசியின் முகப்பில் இருந்தது. வலி எங்கே என்றேன். முன்னங்கால் எலும்பின் உட்புறத்தில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒற்றை விரலை வைத்து "இங்கே" என்றார். அந்த ஒற்றை விரல்தான் எனக்குச் செய்தி. முன்னங்கால் வலி என்று வருபவர்கள் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிக் காட்டினால், பெரும்பாலும் அது எலும்பை ஒட்டிய உறையும் தசையும் படும் எரிச்சல், சில வாரம் சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரு புள்ளியில் விரல் வைத்தால், அதிலும் இரவில் படுத்திருக்கும்போது வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் என்று சந்தேகிக்க வேண்டும். எம்ஆர்ஐ அதையே உறுதி செய்தது. எட்டு வாரம் ஓட்டம் இல்லை, திரும்பித் தொடங்கியபோது ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடையிலிருந்து.

ஓட்டக்காரர்களிடையே பத்து சதவீத விதி என்று ஒன்று உலவுகிறது: வாரத்துக்கு மொத்த தூரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது. நானும் பல ஆண்டுகள் அதை வேதம்போலச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்து 2008இல் வெளியான சோதனையில், இந்த விதிப்படி ஏறிய குழுவுக்கும் வேகமாக ஏறிய குழுவுக்கும் காயத்தில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. வாரக் கணக்கில் கூடுவதற்கும் காயத்துக்கும் அவர்கள் தொடர்பைக் காணவில்லை. ஆனால் ஒரே ஒரு ஓட்டத்தின் தூரம், முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியபோது காயம் ஏறியது. 10 முதல் 30 சதவீதம் கூடினால் காய விகிதம் 64 சதவீதம் அதிகம், இரு மடங்குக்கு மேல் போனால் 128 சதவீதம் அதிகம். அதாவது ஆபத்து, ஒரு புதிய உச்சத்தைத் தொடும் அந்த ஒரு நாளில் குவிந்திருக்கிறது. இதற்கும் எல்லை உண்டு: அது யாரையும் இப்படி ஓடு என்று பிரித்து நடத்திய சோதனை இல்லை, காயங்களை ஓடியவர்களே சொன்னார்கள், கலந்துகொண்டவர்களில் பெண்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் என் அறைக்கு வந்த கால்களோடு அது ஒத்துப்போவதால், நான் என் பழைய வேதத்தை விட்டு இதன் பக்கம் வந்துவிட்டேன்.

இதை உங்கள் டிசம்பரில் வைத்துப் பார்ப்போம். 10 கிலோமீட்டரிலிருந்து 21.1 என்பது இரு மடங்குக்கு மேல். பத்துப் பத்து சதவீதமாக ஏறினால் 11, 12.1, 13.3, 14.6, 16.1, 17.7, 19.5, பிறகு 21.4, ஆக எட்டாவது படியில் போட்டி நாள். மூன்று வாரம் ஏறினால் ஒரு வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பது என் பழக்கம். 30 நாள் கணக்கு என்பதால் அப்படிக் குறைத்த வாரம் உங்களைப் பின்னுக்கு இழுக்காது. எட்டோடு அப்படிக் குறைக்கும் இரண்டு வாரத்தையும் சேர்த்தால் பத்து வாரம். கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம், அதில் ஒரு காய்ச்சலுக்கோ, தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்கோ, வடகிழக்குப் பருவமழை ஞாயிறு காலையாகப் பார்த்துக் கொட்டுவதற்கோ ஒரு நாள்கூட இல்லை. 16 கிலோமீட்டர் வரை மட்டும் பயிற்சி எடுத்து, மீதியைப் போட்டி நாளில் சமாளிப்பதுதான் பரவலான வழக்கம், நானே அப்படிப் பலரை அனுப்பியிருக்கிறேன், பெரும்பாலோர் நலமாகத் திரும்பினார்கள். அதுவும் ஒரே நாளில் முப்பது சதவீதத் தாவல்தான் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

ஆகவே என் கருத்து, டிசம்பரில் அதே நிகழ்வின் 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுங்கள். அரை மாரத்தானைப் பிப்ரவரிக்கோ அதற்கு அடுத்த பருவத்துக்கோ தள்ளுங்கள். இதற்கு வேகமும் ஒரு காரணம். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் 1977இல் கொடுத்த எளிய சூத்திரத்தின்படி உங்கள் 84 நிமிடத்தைக் கொண்டு கணித்தால் அரை மாரத்தானுக்குச் சுமார் 3 மணி 5 நிமிடம் வருகிறது; அது போதிய பயிற்சி எடுத்தவருக்கான கணக்கு, புதியவருக்கு இன்னும் கூடும். பெயர் கொடுக்குமுன் அமைப்பாளர்களின் கால வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேசைகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது கடைசிக் கிலோமீட்டரை ஓடுவது, இத்தனை நாள் சேர்த்த பெருமிதத்தை ஒரே காலையில் தின்றுவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருப்பவர் தண்ணீர் விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும், குறைவாகக் குடிப்பதில் மட்டுமில்லை, அதிகமாகக் குடிப்பதிலும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு, தண்ணீர் மிகுந்தால் நீர்த்துப்போகும் சோடியம் என்ற உப்புச் சத்தின் அளவு இறங்கியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும், ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களும் அதில் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், மேசையைப் பார்த்ததெல்லாம் குடிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மெதுவாக ஓடுவதற்குக் காரணம் கால்கள் அல்ல, ரத்தம் என்று தெரியவந்த இருவர் என் குழுவிலேயே இருந்தார்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், படபடப்பு ஏதாவது வந்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் இதய நோய் இருந்திருந்தாலோ, இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு முதலில் இதய மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்து, 10.03ஆ 9.87ஆ என்பது. ரேஸ் கோர்ஸில் அந்தப் பெரிய மரங்களின் அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறும். ஒன்றரை சதவீத வேறுபாடு அங்கே சாதாரணம், இரண்டில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. முறையாக அளக்கப்பட்ட சாலைப் போட்டிகளில் ஜிபிஎஸ்ஸை நம்புவதே இல்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, ஓரக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். அப்போதும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி, 10 கிலோமீட்டருக்கு 10.01 என்று போடுவார்கள். முழு எண்ணின் மேல் உள்ள இந்தப் பிடிவாதம் உங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை: சுமார் 98 லட்சம் மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாக ஓட்டக்காரர்கள் கூட்டமாக வந்து முடிப்பது வரைபடத்தில் மேடாகவே தெரிகிறது. சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்குமானால், இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் ஆறேழு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவது ஞாயிறு அதே பாதையில், தொடங்கிய மரத்தைத் தாண்டி இன்னும் முந்நூறு மீட்டர் போய் நில்லுங்கள். எந்தக் கடிகாரமும் அதைப் பத்துக்குக் கீழே காட்டாது, பத்து சதவீதத்துக்குள்ளும் அடங்கிவிடும்.